கள்ளக்குறிச்சியில் ஒரு ஜூரி

கள்ளக்குறிச்சி தாலுகாவில் அமெரிக்க அரசியல் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்த ஒரே ஆள் எங்கள் ஜூரிதான். இந்த விஷயம் இன்றுவரை அமெரிக்காவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு பொன்னாடையாவது அனுப்பியிருப்பார்கள்.

ஜூரி என்பது நாங்கள் வைத்த பேர். அவன் அப்பா வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது, அதையும் வாத்தியார் ஒருவர்தான் படித்தார். எண்பதுகளின் பின்பாதியில் நாங்கள் இருவரும் ஒரு அரசு மாணவர் விடுதியில், ஒரே அறையில், பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தோம். அவன் கல்வராயன் மலைக்காரன். கரியாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மணி நேரம் நடந்தால் அவன் ஊர் வரும். ஆள் துடைப்பக்குச்சி மாதிரி இருப்பான். குரல் மட்டும் திருவிழா மைக் செட்.

கிளை நூலகத்தில் அமெரிக்க மக்களின் உரிமைகளைப் பற்றி ஒரு தமிழ்ப் புத்தகம் இருந்தது. வழவழப்பான தாள், கலர் படம். நாங்களெல்லாம் படம் பார்க்கத்தான் அதை எடுப்போம். இவன் எழுத்தையும் படித்துவிட்டான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கணக்கு வாத்தியார், “ஏண்டா வீட்டுப்பாடம் எழுதல?” என்று கேட்டார். இவன் எழுந்து நின்று, “எனக்கு எதிரா நானே சாட்சி சொல்லணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாதுங்க சார்” என்றான். வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பிரம்பை எடுத்தார். அந்தப் பிரம்பு அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை.

விடுதியில் பீடி வாடை வருகிறதென்று வார்டன் ஒருநாள் எல்லார் டிரங்குப் பெட்டியையும் சோதனை போட வந்தார். ஜூரி தன் பெட்டி மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

“எழுந்திர்றா.”

“இன்னா தேடறீங்க, எங்க தேடறீங்கன்னு எழுதிக் குடுங்க சார். அப்புறம் தாராளமாத் தெறக்கறேன்.”

வார்டன் கோபத்தில் பாக்கெட்டிலிருந்து பேனாவை உருவி, ஒரு துண்டுக் காகிதத்தில், ‘பீடி. உன் பெட்டி. எழுந்திரு கழுதை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ஜூரி அதை இரண்டு தடவை படித்துப் பார்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மரியாதையாக எழுந்து வழிவிட்டான். பெட்டிக்குள் ஒரு சட்டையும் ஒரு பாட்டில் மலைத்தேனும்தான் இருந்தன. தேன் அன்றே காலியானது. வார்டனும் ஒரு விரல் நக்கினார்.

அடுத்தது பத்திரிகைச் சுதந்திரம். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு காகிதத்தை ஒட்டி, சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று எழுதினான். அதோடு விட்டானா? குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பேச உரிமை உண்டு என்று, காகிதத்தில் பாதியைச் சமையல் வேலை பார்த்த செல்லக்கண்ணு அக்காவுக்காகக் காலியாக விட்டிருந்தான். கருணாபுரத்திலிருந்து தினக்கூலிக்கு வந்துகொண்டிருந்தவர் அக்கா. எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல இவனே எழுதினான்: ‘பருப்பு குடுத்தா சாம்பார் கெட்டியா வரும். குடுக்கறவங்களப் போய்க் கேளுப்பா. என்னாண்ட இருக்கறது தண்ணிதான்.’ குற்றச்சாட்டைவிடப் பதில் நன்றாக இருந்ததால் விடுதியே அக்கா பக்கம் சாய்ந்துவிட்டது. தன் பத்திரிகையில் தானே தோற்ற ஆசிரியரை நான் அப்போதுதான் முதலில் பார்த்தேன்.

ஆனால் அவனுடைய உயிர் இருந்தது ஜூரியில்தான். கோர்ட்டில் குற்றம் உண்டா இல்லையா என்று சொல்லப் பன்னிரண்டு சாதாரண ஆட்கள். படிப்போ பதவியோ வேண்டாம். அவர்கள் உட்கார்ந்து பேசி, பன்னிரண்டு பேரும் ஒரே மனதாகச் சொல்ல வேண்டும். ஒருவன் மாறினாலும் தீர்ப்பு கிடையாது. இதைச் சொல்லும்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுவான். “நம்ம நாட்லயும் முன்னாடி இருந்துச்சாம்டா. எடுத்துட்டாங்களாம்” என்பான், யாரோ அவன் வீட்டுக் கறவை மாட்டை ஓட்டிப் போய்விட்டது போல.

விடுதியில் ஒரு செருப்பு காணாமல் போனபோது பன்னிரண்டு பேரைப் பிடித்து உட்காரவைத்தான். மூன்று சாயங்காலம் வாதம் நடந்தது. இரண்டாம் நாளே செருப்பு வேப்பமரத்தடியில் கிடைத்துவிட்டது. ஆனாலும் தீர்ப்பு வராமல் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு வைத்ததுதான் அந்தப் பேர்.

ஒருநாள் நான் கேட்டேன். “டேய், அமெரிக்காவுல எல்லாருக்கும் எல்லாம் முதல்லருந்தே குடுத்துட்டாங்களா?”

“எங்க குடுத்தாங்க? கருப்பு ஜனங்கள பஸ்ஸுல பின்னாடி ஒக்கார வெச்சாங்க. ஓட்டுப் போடவே உட்ல. கேட்டு, நடந்து, அடி வாங்கித்தான் வாங்குனாங்க. எங்கப்பா சின்ன வயசுல மலையில கூலியில்லாத வெட்டி வேலைக்குப் போனவரு. ஏன்னு கேக்கலாம்னே அவருக்குத் தெரியாது. எனக்கு அந்தப் பொஸ்தகத்துல புடிச்சது அதான்டா. ஏன்னு கேக்கலாம்.”

அந்தச் சமயத்தில்தான் தனி இட ஒதுக்கீடு கேட்டு ஒரு போராட்டம் வந்தது. வெட்டிப் போட்ட புளியமரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. ஒரு வாரம் பஸ் இல்லை. பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். ஊருக்குப் போக முடியாமல் விடுதிக்குள் அடைந்து கிடந்த நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தோம். கேட்பது நியாயம் என்று ஒரு கட்சி, எங்களுக்கு இருப்பதும் போய்விடும் என்று ஒரு கட்சி. நான் எந்தக் கட்சி என்று இப்போது சொல்லப் போவதில்லை, இரண்டு கட்சியிலும் எனக்குச் சம்பந்தி வீடுகள் இருக்கின்றன. அதுவரை ஒரே தட்டில் தின்றவர்கள், முதுகைக் காட்டி இரண்டு வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். உப்பு வேண்டுமென்றால்கூட எதிர் வரிசையைக் கேட்பதில்லை.

வெளியாள் எவனும் உள்ளே வரக் கூடாது என்று வார்டன் கேட்டைப் பூட்டச் சொல்லிவிட்டார். வேலைக்காரர்கள் வரப் பின்வாசல் ஒன்று மட்டும்தான் திறப்பு. நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, வார்டன் போட்ட கூச்சலில் விடுதியே ஓடி வந்தது. சந்தைக்குப் புளி கொண்டுவந்து, திரும்பப் பஸ் இல்லாமல் பஸ் ஸ்டாண்டில் பட்டினி கிடந்த மலை ஜனங்கள் ஏழெட்டுப் பேரை அக்கா பின்வாசல் வழியாகக் கூட்டிவந்து, இரண்டு நாளாகச் சோறு போட்டிருக்கிறார். அன்று விடியற்காலையில்தான் அவர்கள் நடந்தே மலைக்குக் கிளம்பிப் போனார்களாம்.

“நாளையிலருந்து நீ வர வேணாம்” என்றார் வார்டன்.

அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். புருஷன் இல்லை. அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஜூரி முன்னால் வந்தான். “விசாரிக்காம எப்பிடிங்க சார் தண்டன குடுப்பீங்க?”

“இன்னாடா விசாரணை? அந்தம்மாவே ஒத்துக்கிச்சு!”

“ஆமா நைனா, நான்தான் கூட்டியாந்தேன்” என்று ஆரம்பித்தார் அக்கா.

“அக்கா, நீங்க பேசாம இருக்க ஒங்களுக்கு உரிமை இருக்கு!”

“பசியோட குந்திக்கினு இருந்தாங்க. நான்தான் சோறு—”

“அக்கா! உரிமை இருக்குன்றேன் இல்ல!”

“உரிமை இருந்துட்டுப் போவுது. நான்தானே போட்டேன்?”

வார்டன் எங்கள் இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. “சரிடா, ஒன் ஜூரிய வெய். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. பன்னெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னா நான் உட்டுடறேன். ஒருத்தன் மாத்திச் சொன்னாலும் அந்தம்மா வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்” என்றார். உப்புக்கே ஒத்துப் போகாத பயல்கள் இதற்கு எங்கே ஒத்துப் போகப் போகிறார்கள் என்பது அவர் கணக்கு.

பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்தோம். நானும் அதில் இருந்தேன். பன்னிரண்டாவது ஆள் யார் என்பதில் சந்தேகமே இல்லை. வாழ்நாள் முழுக்க இதற்காகத்தானே அவன் தவம் கிடந்தான்? “நீ வாடா” என்றோம்.

அவன் அசையவில்லை. “நான் ஒக்காரக் கூடாது. அக்கா சோறு போட்டவங்கள்ல எங்கப்பாவும் ஒருத்தரு” என்றான்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அக்காவுக்கே அது தெரியாது. அதுவரை மகன் கண்ணில் படாமல் ஒதுங்கியிருந்த அப்பா, அன்று விடியற்காலையில் கிளம்பும்போதுதான் பின்வாசலில் அவனைப் பார்த்திருக்கிறார். ‘யார்கிட்டயும் சொல்லாதடா, ஒனக்குக் கெட்ட பேரு வந்துரும்’ என்று அவர் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். இவன் வாயை மூடிக்கொண்டு உள்ளே வந்திருந்தால் அக்காவுக்கு ஒரு ஓட்டு நிச்சயம். அவனுக்கும் ஆபத்தில்லை.

“அப்போ ஒன்னையும் சேத்துத்தான் வெளிய அனுப்பணும்” என்றார் வார்டன்.

“விசாரிச்சிட்டு அனுப்புங்க சார்” என்றான் ஜூரி.

அவனுக்குப் பதிலாக, ஒரு ஆள் குறைந்த எதிர் வரிசையிலிருந்து, சொந்த ஊர்ப் பேராலேயே நாங்கள் கூப்பிட்ட மணலூர்பேட்டை என்பவன் வந்தான். எங்களைப் படிக்கும் ஹாலுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். வெளியே வராந்தாவில் ஜூரியும் அக்காவும் நின்றார்கள்.

முதல் சுற்றிலேயே பதினொரு பேர் அக்காவை விட்டுவிடலாம் என்றோம். நாலு நாளாகப் பேசாத வாய்கள் அதற்கு மட்டும் ஒன்றாகத் திறந்தன. மணலூர்பேட்டை மட்டும் தலையை ஆட்டினான். “ரூல்னா ரூல்தான்டா. வார்டன் சொன்னாரு, அக்கா மீறுச்சு. நாளைக்கு எவனாவது கத்தியோட வந்தா இன்னா பண்ணுவீங்க?”

ஒரு மணி நேரம் ஆயிற்று. கெஞ்சினோம், தாஜா பண்ணினோம். சாப்பாட்டு நேரமும் தாண்டியது. அப்புறம் ஒருவன் அவன் சட்டையைப் பிடித்தான். “ஒன்னால அக்கா பொழப்பு போவுது. ஒத்துக்கறியா, இல்ல பல்லு ஒடையட்டுமா?” நானும் கையை ஓங்கிவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், ஓங்கினேன்.

வெளியிலிருந்து கதவு அதிர்ந்தது. ஜூரியின் குரல்.

“டேய்! எவன்டா அவன மெரட்டறது? உடுங்கடா அவன! அவன் ஒத்த ஆளா இருந்தாலும் அது அவன் ஓட்டு. அடிச்சு வாங்குற தீர்ப்பு எனக்கு வேணாம். அக்காவுக்கும் வேணாம்!”

அக்காவின் வேலை, அவனுடைய படிப்பு, இரண்டும் அந்த ஒரு ஓட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. அப்படியிருந்தும் அந்த ஓட்டுக்காகத்தான் அவன் கத்தினான். நான் கையை இறக்கிக்கொண்டேன். சட்டையைப் பிடித்தவன் விட்டுவிட்டு, கசங்கிய காலரை நீவிக்கூட விட்டான்.

மணலூர்பேட்டை சுவரோரமாகப் போய் உட்கார்ந்தான். யாரும் அவனைத் தொந்தரவு செய்யவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவனே பேசினான்.

“வார்டன் எதுக்கு அந்த ரூலு போட்டாரு?”

“கலாட்டா உள்ள வரக் கூடாதுன்னு” என்றேன்.

“வந்தவங்க கலாட்டா பண்ணாங்களா?”

“சோறுதான்டா தின்னாங்க.”

மணலூர்பேட்டை எழுந்து நின்றான். “அப்போ அக்கா அந்த ரூல மீறலடா. எழுதிக்கோ, நானும் குத்தமில்லன்றேன்” என்றான்.

கதவைத் திறந்தோம். வார்டன், அக்கா, மற்ற பையன்கள் எல்லோரும் எங்கள் வாயையே பார்த்தார்கள். ஜூரி எங்களைப் பார்க்கவில்லை. தீர்ப்பு என்ன என்றும் கேட்கவில்லை. நேராக மணலூர்பேட்டையிடம் போய், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

“ஒன்ன யாராவது அடிச்சாங்களா? நெஜமாச் சொல்லு.”

“இல்லடா. நானாதான் சொன்னேன்.”

“நெஜமாவா?”

“எங்கம்மா மேல சத்தியமா நானாதான்டா.”

அதற்கப்புறம்தான் ஜூரி அழுதான். வராந்தாத் தூணைக் கட்டிக்கொண்டு, அந்த மைக் செட் குரலில், விடுதி முழுக்கக் கேட்கும்படி அழுதான். பக்கத்தில் நின்று அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது மணலூர்பேட்டைதான். வார்டன் மனுஷர்தான், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். “போம்மா, அடுப்பப் பாரு. பசங்க பசியோட இருக்கானுங்க” என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, ஜூரியைப் பார்க்காமலேயே, அவனை வெளியே அனுப்பும் பேச்சையும் எடுக்காமல், தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று சாப்பாடு மூன்று மணிக்கு. யார் எந்த வரிசை என்று பார்க்காமல் உட்கார்ந்து தின்றோம்.

எங்கள் சொந்தத்தில் இப்போது அமெரிக்கா போய்வந்தவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். வந்தால் சாக்லேட் கொடுத்து, போட்டோ காட்டி, அந்த ஊர்ச் சட்டத்தையும் சுதந்திரத்தையும் பற்றி எனக்கு விளக்குவார்கள். நானும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்வேன். அவர்கள் பெருமை அவர்களுக்கு. நான் ஜூரியோடு ஒரே அறையில் இருந்தவன்.