நறுமண நீருக்கு நன்றி

மதிப்பும் மரியாதையும் நிறைந்த அத்தானுக்கு, மைத்துனன் எழுதுவது. நான் நலமில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். குடியிருப்பு நிர்வாகியான உங்கள் அறை நான்காவது மாடியில் இருக்கிறது, சாக்கடை அவ்வளவு உயரம் ஏறாது.

நம் குடியிருப்பின் புகார்த் தளத்துக்கு நான் எழுதிய மிடில்வேர் ஒரு வாசற்காவலன் மாதிரி. வருகிற கோரிக்கை ஒவ்வொன்றையும் நிறுத்தி, அனுப்பியவர் இங்கே குடியிருப்பவர்தானா, இல்லை ஏதாவது இயந்திரம் குப்பை கொட்டுகிறதா என்று பார்த்து உள்ளே விட வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. நீங்கள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, "மாப்ள, அசிங்கமான வார்த்தை வந்தா வாசல்லயே திருப்பிடு. நல்ல வார்த்தை வந்தா பாராட்டுல சேத்துடு. மேலிடம் பாக்குது" என்றீர்கள். அசிங்கம் என்றால் வசவு என்று நினைத்தேன். நீங்கள் சொன்ன வார்த்தைகளோ சாக்கடை, நாற்றம், ஒழுகல், எலி! அக்கா முகத்துக்காக வாயை மூடிக்கொண்டு சேர்த்தேன்.

அப்புறம் புகார் எப்படி வரும்? தரைத்தளத்துத் தையல்காரம்மா நேற்று என் சட்டையைப் பிடிக்காத குறை. "கட்டிலுக்கடியில சாக்கடைத் தண்ணி நிக்குது, கொழந்தைக்குக் காய்ச்சல் விடலன்னு எழுதினா, 'மரியாதையான சொற்களில் எழுதவும்'னு திரும்பி வருது தம்பி. சாக்கடைய எப்படிப்பா மரியாதையா கூப்புடுறது? 'சாக்கடை அவர்கள் எங்கள் இல்லத்தில் எழுந்தருளியிருக்கிறார்'னும் போட்டுப் பாத்துட்டேன். தள்ளிடுச்சு!" கடைசியில் வெறுத்துப்போய், 'நறுமண நீர் வீடெங்கும் பாய்கிறது' என்று எழுதியிருக்கிறார். சட்டென்று கதவு திறந்துவிட்டது. 'உங்கள் பாராட்டுக்கு நன்றி' என்று பதில் வேறு. அதை நீங்கள் நிர்வாகக் கூட்டத்தில் வாசித்துக் காட்டிக் கைதட்டு வாங்கினீர்களாமே? குழந்தை ஆஸ்பத்திரியில் கிடக்கிறது, அத்தான். தட்டின கைகளில் ஒன்றாவது சாக்கடை மூடியைத் தூக்கி அடைப்பை எடுத்ததா?

நாளைக்குள் அந்த வார்த்தைகளை நீக்கச் சொல்லி உத்தரவு போடுங்கள். இல்லையென்றால் இதையே என் ராஜினாமாவாக வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். உங்களுக்கு, வயதில் மூத்தவர் என்கிற ஒரே காரணத்துக்காக, வணக்கம்.

பின்குறிப்பு: ராஜினாமாவைக் கிழித்துப் போடுங்கள். நான் போனால் அடுத்து வருகிறவன் இன்னும் நாலு வார்த்தை சேர்ப்பான். உத்தரவும் வேண்டாம், நானே நீக்கிவிட்டேன். இதுவரை வாசலிலிருந்து துரத்திய புகார்களையெல்லாம் உள்ளே அழைத்து, ஒவ்வொன்றும் உங்கள் போனில் மணியடிக்கும்படி வைத்திருக்கிறேன். போனை அணைத்துவிடலாம் என்று மட்டும் பார்க்காதீர்கள். நீங்கள் எடுக்காவிட்டால் அடுத்து அடிப்பது அக்காவின் போன்.