யோவான் மாமாவின் கிணற்றில் காய்ச்சல் மருந்து இல்லை

கோவில்பட்டி
16-8-83

கர்த்தருக்குள் பிரியமான மாமா அவர்களுக்கு, எபநேசர் எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நான் இங்கே சுகம். அங்கே நீங்கள், அத்தை, ஆடுகள், கிணறு ஆகிய அனைவரும் சுகந்தானா என்று கேட்பதுதான் முறை. கிணறு சுகமில்லை என்று நீங்களே எழுதிவிட்டபடியால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் வேலை கிடக்கிறது.

சனிக்கிழமை வந்த உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முதல் பக்கத்தில், "ஏலே, உன் ரிப்போர்ட்டால என் கிணறு வத்தப் போவுது, இந்தக் கூட்டத்த நிறுத்துத வழியப் பாரு" என்று எழுதியிருக்கிறீர்கள். மறுபக்கம் திருப்பினால், "ஆனா தண்ணியில மருந்து இல்லன்னு மட்டும் எழுதிப்புடாத, பசுவந்தனை முழுக்க எனக்கு இப்பத்தான் ஒரு மரியாதை வந்திருக்கு" என்கிறீர்கள். மாமா, இரண்டில் ஒன்றைத்தான் நான் செய்ய முடியும். படித்தது வேதியியல், மந்திரவாதம் இல்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஊரில் யாருக்கும் வரிசை தெரியவில்லை. எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உப்பு பார்ப்போம், சுண்ணாம்பு பார்ப்போம், பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடு பார்ப்போம், அதோடு சரி. வெளிநாட்டில் ஆற்றுத் தண்ணீரில் மனிதர் தின்ற மாத்திரைகளின் மிச்சம் கிடைக்கிறது என்று ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு, நம் பக்கத்துத் தண்ணீரிலும் பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது தப்பில்லை. அந்த வாரம் பார்த்து நீங்கள் உங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தீர்கள். ஃபெரிக் குளோரைடு நாலு சொட்டு விட்டேன். சாலிசிலேட் என்ற காய்ச்சல் மருந்து இருந்தால் ஊதா நிறம் வரும், இல்லாவிட்டால் வராது. கத்தரிப்பூப் போல வந்தது மாமா. சுற்றுவட்டாரமெல்லாம் சவர்த் தண்ணீர் குடிக்கிற கரிசக்காட்டில், ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணற்றில் மருந்து! "காய்ச்சல் மருந்து காணப்படுகிறது, ஆகவே குடிக்க உகந்ததல்ல" என்று எழுதி, எங்கள் தலைமை வேதியியலாளர் ராஜமணி சாரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவைத்தேன்.

அதில் முதல் பாதியை மட்டும் அத்தை ஊருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். "உகந்ததல்ல" என்பதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கு, "அது ஆபீசு வழக்கம்லா, எல்லாத் தண்ணிக்கும் அப்படித்தான எழுதுவிய" என்றார்கள். அடுத்த வீட்டு மாடத்தி தன் மருமகளுக்கு இரண்டு செம்பு கொடுத்திருக்கிறாள், மூன்றாம் நாள் காய்ச்சல் போய்விட்டது. மூன்றாம் நாள் எந்தக் காய்ச்சலும் போகும் மாமா, வெறும் மோர் குடித்தாலும் போகும். ஆனால் குளத்தூரிலிருந்து உப்பளத்து ஆட்கள் வேன் பிடித்து வருகிறார்கள். புதியம்புத்தூர்த் தையல்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மிஷினை மூடிவிட்டுப் பிளாஸ்டிக் கேனோடு வருகிறார்கள். பஸ் நிறுத்தத்து டீக்கடை இசக்கியப்பன் "மருந்துக் கிணறு இங்கன இறங்கவும்" என்று பலகையே எழுதி வைத்துவிட்டான். ஆனி மாதம் எட்டுப் படிக்குக் கீழே நின்ற தண்ணீர் இன்று பத்தொன்பதாம் படிக்குப் போய்விட்டது. ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு மாதம் முழுசாகக் கிடக்கிறது. அதுவரை ஊர் எதைக் குடிக்கும்? இதை யோசிக்கிற ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது. நீங்கள் கிணற்று மேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரிசையில் வா, வரிசையில் வா என்று கம்பை ஆட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

எனக்குச் சந்தேகம் வந்தது அதற்குப் பிறகுதான். வேறு எட்டுக் கிணற்றுத் தண்ணீர் பார்த்தேன், எட்டில் ஆறு ஊதா. மாவட்டமே காய்ச்சலுக்கு மருந்து குடித்துக்கொண்டிருக்கிறதா என்று பயந்துபோய், பாட்டில்களை வரிசையாக மேஜைமேல் வைத்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஆறு பாட்டிலிலும் பக்கவாட்டில், வேளைக்கு ஒரு படி மருந்து என்று அளவு காட்ட, படிப்படியாக வெட்டி ஒட்டின காகிதம். மேலே தக்கை. பெரியாஸ்பத்திரிக்கு எல்லாரும் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோய் அந்தச் சாலிசிலேட் கலந்த காய்ச்சல் மிக்சர் வாங்கி வருவோமே, அதே பாட்டில். "தண்ணீர் கொண்டுவரவும்" என்று எங்கள் அலுவலகம் சொன்னால், வீட்டில் மூடியோடு இருக்கிற ஒரே பாட்டில் அதுதானே. நீங்கள் கழுவித்தான் எடுத்தேன் என்றீர்கள். பாட்டிலைக் கழுவினீர்கள், தக்கையைக் கழுவினீர்களா? பத்து வருஷத்து மிக்சரைக் குடித்து ஊறின தக்கை அது. தப்பு என்னுடையது. என்ன பாட்டில் என்று கேட்காமல் சொட்டு விட்டது என் புத்தி. ஆனால் பாதித் தப்பு தக்கையுடையது.

ரிப்போர்ட்டைத் திருத்தித் தாருங்கள் என்று ராஜமணி சாரிடம் போய் நின்றேன். "கையெழுத்து போட்டாச்சே தம்பி" என்றார். "சார், அது தப்பு சார்." "இது தப்புன்னா, இதுக்கு முந்தி நான் போட்ட ஆயிரத்து இருநூறு கையெழுத்து என்னன்னு கேப்பான்லா? வேணும்னா உங்க மாமாவ அந்தக் கிணத்த மூடிட்டுப் புதுசா ஒண்ணு வெட்டச் சொல்லு. புதுக் கிணத்துக்குப் புது ரிப்போர்ட்டு, இன்னைக்கே தாரேன்." இவரிடம் இதற்குமேல் பேச எனக்குப் பொறுமை இல்லை.

சரி, ஜனங்களிடமே காட்டிவிடலாம் என்றுதான் போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு கருவிகளோடு வந்தேன். நீங்களும்தான் பார்த்தீர்கள். கிணற்றுத் தண்ணீரை நான் கொண்டுவந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சொட்டு விட்டேன், லேசான மஞ்சள், அது அந்தச் சொட்டின் சொந்த நிறம். உங்கள் தக்கையை ஊறப்போட்ட தண்ணீரில் விட்டேன், ஊதா. இதற்குமேல் ஒரு மனிதன் எப்படி விளக்க முடியும்? மாடத்தி முன்னால் வந்து குழாயை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அய்யா, மருந்து உள்ளதான் இருக்கு. இத்தன பேரு நிக்குத இடத்துல வெளிய வருமா? ஓம் சொட்டுக்கு வெக்கப்பட்டு ஒளிஞ்சிருக்கு" என்றாள். ஒரு தையல்காரர், "அண்ணாச்சி தண்ணிய அவியளே வச்சுக்கிடப் பாக்காவ, அதான் மருமவன வச்சு இல்லன்னு சொல்லச் சொல்லுதாவ" என்று உங்களைப் பார்த்தே சொன்னார். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டீர்கள். அத்தையோ எல்லாருக்கும் முன்னால், "உங்க மாமா முழங்கால் வலி இல்லாம பத்தொம்பது படி இறங்கி ஏறுதாவ, அதுக்கு எந்தச் சொட்ட ஊத்தப் போற?" என்று கேட்டார்கள். எட்டுப் படி இறங்கினவர் பத்தொன்பது படி இறங்க வேண்டி வந்ததே யாரால் என்று நான் கேட்பதற்குள் வேன் வந்துவிட்டது.

ஆகையால் கடைசியாக ஒரு வழி. இத்துடன் ஒரு சான்று வைத்திருக்கிறேன். அலுவலக முத்திரை கிடையாது, என் கையெழுத்து மட்டும்தான். "யோவான் அவர்களின் கிணற்று நீரில் எந்த மருந்தும் இல்லை, அது குடிக்க நல்ல வெறும் தண்ணீர்" என்று எழுதியிருக்கிறேன். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நீங்களே கிணற்று மேட்டில் நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். நீங்கள் சொன்னால்தான் நம்புவார்கள். மரியாதை போகும், போகட்டும். தண்ணீர் போய்விட்டால் மரியாதையைக் காய்ச்சியா குடிப்பீர்கள்? ஊர்க்காரர்கள் பயமில்லாமல் குடிக்கலாம், வெளியூர்க்காரர்கள் அவரவர் ஊரில் மோர் குடிக்கலாம்.

அத்தைக்கும் ஊரில் விசாரித்த அனைவருக்கும் என் ஸ்தோத்திரங்கள். கர்த்தர் உங்கள் வெள்ளாமையையும் முழங்காலையும் காப்பாராக.

இப்படிக்கு,
உண்மையை மட்டும் எழுதும் மருமகன்,
எபநேசர்

பி.கு: இன்னும் உறையை ஒட்டவில்லை, நல்லதாய்ப் போயிற்று. சான்றில் மருந்தின் அளவு பூஜ்யம் என்று எண்ணாகவும் எழுதலாம் என்று, என்னிடமிருந்த கண்ணாடி மூடி போட்ட பாட்டிலைப் போன வாரம் அத்தைக்குக் கொடுத்தனுப்பியிருந்தேன். இன்று காலை பஸ்ஸில் வந்து அதில் தண்ணீர் கொடுத்தார்கள். துளி இருந்தாலும் தெரியட்டும் என்று ஒரு லிட்டரைச் சுண்டக் காய்ச்சி, காரம் சேர்த்துக் கொதிக்கவைத்து, அமிலம் விட்டுச் சரிசெய்து, சொட்டு விட்டேன். ஊதா. மறுபடி செய்தேன். ஊதா. பாட்டில் நான் கழுவியது, தக்கை கிடையாது. அத்தையிடம் கேட்டேன். "சொகமானவிய மிச்சம் கிடக்க மாத்திரையக் கிணத்துல போட்டுட்டுப் போறாவ. கோயில் தெப்பக்குளத்துல உப்பும் மொளவும் போடுதமாரி, கரைஞ்சா நோவும் கரைஞ்சிரும்லா. நாங்க ஒண்ணும் வெவரமில்லாதவிய இல்ல, காகிதத்தப் பிரிச்சுட்டுத்தான் போடச் சொல்லுதோம், தண்ணி கெட்டுறப்படாதுல்லா" என்றார்கள்.

ஆகவே மாமா, மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். சான்றைக் கிழித்துவிடுங்கள். அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது, முக்கியமாக மாடத்தியின் மருமகள், கைப்பிள்ளைக்காரி. என் சொட்டுக்குத் தெரிந்தது ஒரு மருந்துதான். இன்னும் என்னென்ன மாத்திரை உள்ளே கிடக்கிறதோ, அவற்றைக் கண்டுபிடிக்க இந்தக் கூடத்தில் கருவி கிடையாது. கிணற்றுக்கு உடனே முள்ளை வெட்டிப் போட்டு அடையுங்கள். நானும் முதல் பஸ்ஸுக்கு வந்திருப்பேன், ராஜமணி சார் வெள்ளிக்கிழமைவரை லீவு இல்லை என்றுவிட்டார்.

இவ்வளவையும் அத்தையிடம் சொல்லி அனுப்பத்தான் பார்த்தேன். "அப்ப மருந்து இருக்குன்னு சொல்லுத?" என்றார்கள். இருக்கிறது, ஆனால் என்று நான் ஆரம்பிப்பதற்குள், முகமெல்லாம் சிரிப்பாகப் பத்தரை மணிப் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர நாளை மறுநாள் ஆகும்.