பதினோராம் பக்கத்து அம்சவேணி

அன்பும் மரியாதையும் மிக்க அண்ணன் முத்துக்குமார் அவர்களுக்கு, ஐயம்பேட்டையிலிருந்து தங்கை அம்சவேணி வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் மாப்பிள்ளையும் தறியும் நலம். அண்ணியின் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நாற்பத்தேழு வயதில் நான் தொடங்கிய பிஎச்டி என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். என் வழிகாட்டிப் பேராசிரியர் அம்ருதவல்லி அம்மா, நெசவு பற்றிய எண்பது ஆய்வுக் கட்டுரைகளை இரண்டு மாதத்தில் படிக்கச் சொன்னார். "வரிக்கு வரி படிக்காதீங்கம்மா. முதல்ல சுருக்கம், அப்புறம் முடிவுரை, படங்கள். தேவைன்னு தோணினா மட்டும் உள்ளே போங்க"ன்னு வழியும் சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு எதுக்குண்ணா உள்ள போவணும்னு தோணும்? குக்கர் மூணு விசில் விடறதுக்குள்ள ரெண்டு கட்டுரை. ஒம்பதே நாள்ல எண்பதும் காலி. பேராசிரியர் அம்மாவே அசந்துட்டாங்க.

போன புதன்கிழமை என் ஆய்வுத் தலைப்ப ஏத்துக்கறதுக்கான கமிட்டி. பட்டுப்புடவை கட்டிக்கினு போயி நின்னு, "புடவைக் கரைய உடலோட சேக்கறதுக்கு கோர்வை போடறப்போ எங்க பொம்பளைங்க ராகமா எண்ணுவாங்க, அத இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதல, நான்தான் மொத ஆளு"ன்னு மேசையத் தட்டிச் சொன்னேன். அச்சுத்னு ஒரு தேர்வாளர், அமைதியான மனுஷர், கண்ணாடியத் தொடச்சிக்கினே, "உங்க பட்டியல்ல நாற்பத்தோராவது கட்டுரை, பதினோராம் பக்கம் படிச்சீங்களாம்மா?"ன்னாரு.

"படிச்சேன் சார், அருமையான கட்டுரை."

"அதுல அந்த எண்ணிக்கை முழுசா இருக்கே. சொன்னவங்க பேரும் இருக்கு. அம்சவேணி, நெசவாளர்."

என் பேரேதான்! நம்ம தெருவுக்குத்தான் கேமராவும் கையுமா எத்தினியோ பேரு வராங்களே, எவங்கிட்ட என்னாத்த சொன்னேனோ! "அது நான்தான் சார்"னேன். அச்சுத் சார் லேசா சிரிச்சாரு, மத்தவங்க எழுந்து கை தட்டினாங்க, பாஸ் போட்டுட்டாங்க. உங்க மாப்பிள்ளை தெரு முழுக்க மைசூர்பாக்கு குடுத்துட்டாரு. அந்தப் பக்கத்துக்கு ஃபிரேமும் போட்டாச்சு.

காமாட்சி அம்மன் உங்க வீட்டுல எல்லாரையும் சொகமா வச்சிருக்கட்டும்.

இப்படிக்கு, உங்கள் பாசத் தங்கை அம்சவேணி.

பின்குறிப்பு: உறைய ஒட்டறதுக்கு முன்னாடி ஃபிரேமத் தொடச்சேன். அடியில பொடி எழுத்துல 'கூரம் கிராமம், வயது எழுபத்தாறு'ன்னு இருக்குது. அது வேற அம்சவேணிண்ணா! பதறிப்போயி அச்சுத் சாருக்குப் போன் போட்டு உண்மையச் சொன்னேன். "தெரியும்மா. அந்தக் கட்டுரைய எழுதினவனே நான்தான். நீங்க எப்ப படிப்பீங்கன்னு பார்த்துட்டிருந்தேன்"ன்னாரு. பாஸ் ரத்து. எண்பதையும் வரிக்கு வரி படிக்கணுமாம். மைசூர்பாக்கு என் பொறந்தநாளுக்குன்னு தெருவுல சொல்லியிருக்கேன். யாராச்சும் போன்ல கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிடுங்க.