பேத்தியின் நெற்றியில் காபன் கூம்பு

இதை எழுத ஐந்து வருடம் தயங்கினேன். இணுவிலில் காலையும் மாலையும் கோவிலுக்குப் போய்வருகிற மனிதன், தன் பேத்திக்குத் தன் கையாலேயே ஆபத்து வைத்த கதையை எந்த முகத்தோடு எழுதுவான்?

பேத்திக்கு அப்போது மூன்று மாதம். மருமகள் பல்கலைக்கழகத்தில் இரசாயன ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் காலை முழுக்கக் குழந்தை சிணுங்கியது. கண்ணூறுதான் என்று முடிவுகட்டினேன். (நான் எட்டாம் வகுப்பு, முடிவுகட்ட அது போதும்.) சாமியறையில் முருகன் படத்தடியில் சின்னப் போத்தலில் கறுப்புத் தூள் இருந்தது. கோவில் ஓமத்து இரட்சைதான், வேறென்ன? நெய்யில் குழைத்துக் குழந்தையின் நெற்றியில் பொட்டு வைத்தேன். அழுகை நின்றது. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

மறுநாள் மருமகளுக்கு வாய்மொழிப் பரீட்சை. பொட்டு வைத்த அன்று பின்னேரம் என்னை முன்னால் இருத்தி ஒத்திகையாகப் பேசிப் பார்த்தாள். காபன் அணுக்கள் தேன்வதைபோல அறுகோணங்களாகப் பின்னிய தாள் என்று நினைக்கச் சொல்லி, ஒரு கடதாசியில் துண்டொன்றை வெட்டியெடுத்து விளிம்புகளைச் சேர்த்தாள். கடலைச் சரைபோலக் கூம்பு வந்தது. நுனியில் மட்டும் ஐங்கோணங்கள் வருமாம். ஒன்றென்றால் கூம்பு பரந்திருக்கும்; கூடக்கூடக் கூர்; ஐந்தென்றால் மிகக் கூர். கண்ணுக்கே தெரியாத சிறிசாம். ஐந்தெழுத்தை நினைத்துக் கைகூப்பினேன். அவள் செய்த கூம்புகள் கோடிக்கணக்கில் சேர்ந்து ஒரு கறுப்புத் தூளாக இருக்கிறதாம்.

"அந்தத் தூள் எங்கை, பிள்ளை?"

"சாமியறையிலை, மாமா. பரீட்சைக்குக் கொண்டுபோக முதல் முருகன்ரை காலடியிலை வைச்சனான்."

கூப்பிய கை அப்படியே நின்றது. கோடி வேல்கள் குழந்தையின் மண்டைக்குள் இறங்குவதைக் கண்டேன்.

"அந்தக் கூர் தோலுக்குள்ளை இறங்குமோ?"

"ஆருடைய தோலுக்குள்ளை, மாமா?"

சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டேன். அவள் ஏசவில்லை. முகம் வெளுக்க, ஈரத்துணியால் பொட்டைத் துடைத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓட்டோவில் குழந்தையின் மூச்சு வருகிறதா என்று விரலை மூக்கடியில் வைத்தபடியே இருந்தேன். தும்மியது. எனக்கு உயிர் போய் வந்தது.

டொக்டர் எல்லாம் கேட்டு, நெடுநேரம் பார்த்தார். "நெய்யிலை குழைச்சபடியாலை தூள் மூச்சுக்குள்ளை போகேல்லை. பிள்ளைக்கு ஒண்டுமில்லை. ஐயாவுக்குத்தான் பிரஷர் கூட."

மறுநாள் மிச்சத் தூளோடு போய் மருமகள் பரீட்சையில் சித்தியடைந்தாள். இப்போது நான் திருநீற்றைத் தொட்டாலும் பேத்தி கேட்கிறாள்: "அப்பப்பா, அம்மாவைக் கேட்டனீங்களோ?"

வாசித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடி சொல்லுங்கள். என் மகன் சொல்லும் கதையில் குழந்தையின் முகம் முழுக்கக் கறுப்பு. பொய். கடுகளவு பொட்டுத்தான். நான் அழுததையும் குறைக்கவேண்டாம்; ஓட்டோக்காரர் சாட்சி.