கலகம் பிறந்த வீடு

“பிள்ளை தெருவுல விளையாடும். நான் மாடியில நின்னு ‘கலகம், கலகம்’னு கத்தணும். அக்கம்பக்கத்துல எல்லாரும் கதவைச் சாத்திக்கணும். அதானே உங்க ஆசை?”

“கத்தினா என்ன! அந்தச் சத்தத்துலதான் சமுதாயம் முழிச்சுக்கும்!”

“சமுதாயம் மெதுவா முழிக்கட்டும். இவளை இப்பதான் தூங்க வச்சிருக்கேன். கத்தாதீங்க.”

உலகத்தின் போக்கை மாற்றிய மாபெரும் விவாதங்கள் சில உண்டு. அவற்றில் ஒன்று, மூன்றாவது மாடியில், ஈரத்துணி காயப்போட்ட ஒரு கூடத்தில், தொட்டிலுக்கு மேலே, குழந்தைக்குப் பெயர் வைப்பது பற்றி இப்படித்தான் நடந்தது. எதிர்த்தரப்பு மனைவி. புரட்சித் தரப்பின் தலைவர் எரிமலை. இது அவர் இணையத்தில் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். பெற்றவர்கள் வைத்தது ரொம்ப சாதுவான பெயர். அதை இங்கே சொல்லி அவரைப் புண்படுத்த வேண்டாம்.

எரிமலைக்கு வயது போன பிறகு பிறந்த முதல் குழந்தை இது. பகலில் அவர் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் இருந்தார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறியவர்களுக்கு, ‘தங்கள் பொறுமைக்கு மனமார்ந்த நன்றி’ என்று பதில் எழுதுவது அவர் வேலை. அந்த ‘மனமார்ந்த’வை அவரைப் போல உருகி எழுத அங்கே ஆள் கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவிக்கொண்டு போனை எடுத்தாரோ இல்லையோ, எரிமலைக் குழம்பு கொதிக்க ஆரம்பித்துவிடும். ‘தலை குனியாதே!’ ‘அதிகாரத்தின் முகத்துக்கு நேரே சொல்!’ உடனே கீழே ‘தீ, தோழர்!’ என்று வரிசை கட்டுவார்கள்.

உதவிக்கு வந்திருந்த மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“மாப்பிள்ளை, சொந்தக்காரங்களுக்கு எப்படிச் சொல்றது? ‘எங்க வீட்டுல கலகம் பொறந்திருக்கு’ன்னா, ‘யாருக்கும் யாருக்கும்?’னுல்ல கேப்பாங்க?”

“கேக்கட்டும் அத்தை! கேள்வி கேக்க வைக்கிற பேர்தான் பேர்!”

“அதுக்கில்ல... கொஞ்சம் பதமா, கலகவல்லின்னு...”

“சமரசமா? இந்த வீட்டுலயா?”

அந்த முழக்கத்தில் தொட்டில் ஆடியது. குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. மனைவி அதைத் தோளில் போட்டுத் தட்டியபடி கூடத்தில் நடந்தார். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவர்; வாயைப் பெரிதாகத் திறக்கிறவர்களைப் பார்த்துப் பழகியவர்.

“சரி, வைப்போம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தப் பேரை வச்சா ஊரே கேக்கும். அப்போ ‘ஆமா, எங்க பொண்ணு பேர் இதுதான்’னு நிப்பீங்களா?”

“உயிரே போனாலும்!”

“உயிரெல்லாம் நீங்களே வச்சுக்குங்க. வெள்ளிக்கிழமை பதிவு ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடுங்க, போதும்.”

மறுநாள் எரிமலை மேனேஜர் அறைக்குள் போனார். கலகம் செய்வதற்கு முறைப்படி அரைநாள் விடுப்பு வேண்டுமல்லவா?

“எதுக்கு லீவு?” மேனேஜர் நல்ல மனிதர்தான், சிரித்துக்கொண்டே கேட்டார்.

“குழந்தைக்குப் பேர் பதியணும் சார்.”

“அடடே! என்ன பேர்?”

எரிமலை வாயைத் திறந்தார். ‘க’ வரைக்கும் வந்தது. மேனேஜரின் புருவம் லேசாக, மிக லேசாக, உயர்ந்தது.

“க... கண்டிப்பா உங்களுக்குப் பிடிக்கும் சார். அமைதி.”

“அமைதி! பிரமாதம்! எங்க வீட்டு நாய்க்கே அந்தப் பேர்தான் யோசிச்சேன், நல்லவேளை வைக்கல. வெள்ளிக்கிழமை பதிஞ்சதும் குடும்பத்தோட நேரா இங்க வந்துடுங்க. கேக் வெட்டிடுவோம்.”

“எதுக்கு சார் உங்களுக்குச் சிரமம்...”

“ஏன், வர முடியாதா?”

‘முடியாது’ என்ற சொல்லை எரிமலை தம் பதிவுகளில் தடித்த எழுத்தில் எத்தனையோ முறை போட்டிருக்கிறார். வாயால் சொல்லிப் பழக்கமில்லை.

“வந்துடறோம் சார்.”

வெள்ளிக்கிழமை பதிவு அலுவலக வரிசையில் நின்றபோது மனைவியின் காதருகே குனிந்தார். “ஏம்மா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. அமைதின்னு வச்சா எப்படி?”

“என்னது? தினம் நீங்க சொல்லிச் சொல்லி எனக்கே அந்தப் பேர் பிடிச்சுப்போச்சு. இப்ப வந்து மாத்துறீங்க? முடியாது.”

குமாஸ்தா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “கலகமா? சரி. அடுத்தது யாரு?”

வரலாறு பதிவாகிவிட்டது.

‘ஆபீஸ்ல பாப்பாவைப் பாக்கணுமாம்’ என்று மட்டும் சொல்லி மனைவியை அழைத்துப் போனார். மீட்டிங் அறையில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேஜைமேல் கேக். அதன்மேல் வெள்ளை கிரீமில், ‘அமைதியே வருக’.

“எங்கே நம்ம அமைதிக்குட்டி?” என்று மேனேஜர் கையை நீட்டினார்.

“யாருங்க அது?” என்றார் மனைவி.

கைதட்டல் நின்றது. மேனேஜர் எரிமலையைப் பார்த்தார். மனைவியும் பார்த்தார். “நீங்களே சொல்லுங்க. நம்ம பொண்ணு பேர் என்ன?”

அதிகாரம் முகத்துக்கு நேரே, கையில் பிளாஸ்டிக் கத்தியோடு நின்றது. சொல்லலாம். இரண்டு கைக்குட்டை நனையும் அளவுக்கு வியர்த்த பிறகு எரிமலை வெடித்தார்:

“நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான் சார்.”

மனைவி சண்டை போடவில்லை. “வா கலகம், நாம போலாம்” என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு, லிஃப்ட் பக்கமே திரும்பாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

இப்போது மனைவி குழந்தையோடு தன் அம்மா வீட்டில் இருக்கிறார். போனில் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார்: “திங்கக்கிழமை மேனேஜர்கிட்ட பொண்ணு பேரைச் சரியா சொல்லிட்டு வாங்க. அப்புறம் இவளைத் தூக்கலாம்.”

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே எரிமலை ஒரு பதிவு போட்டார்: ‘பெயரிலேயே புரட்சியைத் தொடங்கிவிட்டோம்!’ இதயங்கள் மளமளவென்று வந்து குவிந்தன.

ஆகவே, இதயம் போட்ட அன்பான தோழர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். உங்களில் யாராவது, என்றைக்காவது, உங்கள் மேலதிகாரியைப் பார்த்து, ‘இல்ல சார், அது அப்படி இல்ல’ என்று சொன்னதுண்டா? எப்படி ஆரம்பித்தீர்கள்? கையை எங்கே வைத்துக்கொண்டீர்கள்? குரல் வந்ததா? தயவுசெய்து கீழே எழுதுங்கள். மகளைத் தூக்க வேண்டும், எரிமலைக்கு அவசரம். பதிவு போட்ட நேரத்திலிருந்து போனைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

இதயம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பதில்தான் ஒன்றுகூட வரவில்லை.