பெரியப்பாவின் காலை வணக்கங்களைப் படித்த ஒரே ஆள்

மதிப்பும் மரியாதையும் மிக்க பெரியப்பாவுக்கு, உங்கள் தம்பி மகன் வாலு பணிவோடு (இன்று மட்டும்) எழுதுவது. நீங்கள் நலம் என்பது சற்றுமுன் போனில் கத்தியதிலேயே தெரிந்தது. உங்கள் நாட்டு விமான நிலையத்தில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருக்கும் அப்பா, அம்மா, நான் மூவரும் நலமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

"எங்க தங்கப்போறீங்க?" என்று தமிழிலேயே கேட்டார் எல்லை அதிகாரி அம்மா. "எங்க அண்ணன் வீட்டுல. நாங்க உயிருக்கு உயிர்" என்று நெஞ்சை நிமிர்த்தினார் அப்பா. உடனே அப்பாவின் போன் அதிகாரி கைக்கு மாறியது. பெரியப்பா, எல்லையைக் காக்கிற அந்த அம்மாவின் பொறுமைக்கு எல்லையே இல்லை! ரோஜா, சூரியகாந்தி, ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பை என்று நீங்கள் அனுப்பிய காலை வணக்கங்கள் அத்தனையையும் ஒன்றுவிடாமல் பார்த்தார். மனிதப் பிறவிக்கு இது முடியுமா என்று நான் வாய்பிளந்து நின்றேன். "தினமும் அனுப்பியிருக்கார். ஒண்ணுக்குக்கூட பதில் போடலையே. நெஜமாவே அண்ணன்தானா?" என்றார். உங்களை மியூட்டில் போட்டிருந்த அப்பா தானே மியூட் ஆகிவிட்டார். சந்தேகம் தீர அந்த அம்மா உங்களுக்கே போன் போட, நீங்களோ "தம்பியா? அப்படி யாரும் எனக்குக் கெடையாது!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டீர்கள். அடுத்த விமானத்திலேயே எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

அதன்பிறகும் அந்த அம்மா விடவில்லை, படங்களுக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்ததையும் படிக்க ஆரம்பித்தார். ஒரு சூரியகாந்திக்குக் கீழே இருந்ததைச் சத்தமாக வாசித்தார்: "வாலுவுக்குக் கட்டில் வாங்கப்போறேன். இப்ப எவ்வளவு உயரம்னு சொல்லு, கால் இடிக்கக் கூடாது."

"நான் இதைப் பாக்கலையே" என்றார் அப்பா.

"நான் பாத்தேன்" என்றார் அந்த அம்மா.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி பார்த்தேன். பெரியப்பா, நான் இப்போது அப்பாவின் காதைத் தாண்டிவிட்டேன். இந்தக் கடிதத்தை அதிகாரி அம்மா படமெடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டு, மறுபடி போன் போடுவார். "ஆமா, என் தம்பிதான்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். திட்டுவதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.

பெரியம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
அகதியாக நிற்கும் உங்கள் அன்பு வாலு

பி.கு.: இதை எழுதி முடிப்பதற்குள் அதிகாரி அம்மா எங்கள் அம்மாவின் போனைத் திறந்துவிட்டார். உங்களைப் பற்றி அத்தைக்கு அம்மா அனுப்பிய குரல் பதிவு ஸ்பீக்கரில் ஓடியது. பாதியிலேயே நிறுத்தி, "இப்படித் திட்டணும்னா சொந்தக்காரங்களாத்தான் இருக்கணும், போயிட்டு வாங்க" என்று முத்திரை குத்திவிட்டார். ஆகவே மேலே கெஞ்சியது அத்தனையும் ரத்து. வந்துகொண்டிருக்கிறோம். அம்மா என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.