இன்டர்நெட்டைப் பார்த்து வைத்த கடிகாரம்

இனிமேல் இந்த வீட்டில் கம்ப்யூட்டர் காட்டுவதுதான் நேரம் என்று தணிகாசலம் உத்தரவு போட்டுவிட்டார்.

உத்தரவு போடுகிற நிலைமையில் அவர் இல்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையின் டைம் ஆபீசில் வேலை. மற்றவர்கள் வரும் நேரத்தைக் கவனிக்க வேண்டிய மனுஷரே அந்த மாதம் மூன்று தடவை லேட். இன்னொரு தடவை என்றால் பழைய இரும்பு கொட்டுகிற யார்டுக்கு அனுப்பிவிடுவதாக மேனேஜர் மோசஸ் சொல்லிவிட்டார். அங்கே வெயிலும் துருவும்தான் துணை.

லேட்டுக்குக் காரணம் தூக்கம் என்று சொன்னால் தணிகாசலத்துக்குக் கோபம் வரும். காரணம் சுவர்க் கடிகாரமாம். இவர் பொன்னேரியில் ரயிலைப் பிடிக்கட்டும் என்று மனைவி கெங்கம்மாள் அதைக் கால் மணி முன்னால் தள்ளி வைத்திருந்தாள். அது தெரிந்ததால் இவர் கால் மணியைக் கழித்துக்கொண்டு தூங்குவார். தூக்கக் கலக்கத்தில் இன்னொரு தடவையும் கழித்துவிடுவார்.

பெங்களூர் போன மகன் தீனா விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர் முன்னால் ஞாயிற்றுக்கிழமை மனைவியை உட்கார வைத்தார்.

"தா பாரு கெங்கா. மூலைல மணி தெரியுதா? அத்த ரெண்டு தபா தட்டுனா பொட்டி தொறக்கும். இங்க ஒரு டிக் போட்டுட்டா, இன்டர்நெட்ல கீற பெரிய கடியாரத்தைக் கேட்டுக்கினு இதுவே தன்னைத் திருத்திக்கும்."

"யாரு ஊட்டுக் கடியாரங்க அது?"

"உலகத்துக்கே பொது. உன் கடியாரம் மாதிரி ஏமாத்தாது."

"இங்க ஊர் பேரா எழுதிக்கீதே?"

"எந்த ஊரு நேரம் வேணும்னு கேக்குது. நம்புளுக்குச் சென்னை. அத்தத் தொடாத."

தொடமாட்டேன் என்று கெங்கம்மாள் சொல்லவில்லை. பொய் அவள் வாயில் வராது. எட்டாவது வரை படித்தவள், இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் ஒரு தரம் கண்ணால் பார்த்ததை விடமாட்டாள். அது சாமி கொடுத்த வரம். எழுந்துபோய் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரும் சுவர்க் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டின.

"உன் கடியாரத்தைத் திருத்திட்டியா?"

"ரெண்டும் ஒண்ணாக் காட்டுதா?"

"காட்டுது."

"அப்பறம் இன்னா. நாஷ்டா ஆறிக்கினு கீது, வாங்க."

எதற்கும் இருக்கட்டும் என்று 'அப்டேட் நவ்' பட்டனை அமுக்கினார். நேரம் சரிபார்த்தாயிற்று என்று இங்கிலீஷில் பதில் வந்தது. கல்யாணமாகி முதல் தடவையாக ஜெயித்த தெம்பில், கைக்கடிகாரத்தையும் அதைப் பார்த்தே வைத்துக்கொண்டு ஓடினார்.

ரயில் கால் மணி லேட். ஸ்டேஷன் கடிகாரமும் கால் மணி ஸ்லோ. ஆலைக்குப் போனால் பஞ்சிங் மெஷினும் அப்படியே. ரயில்வேயும் கம்பெனியும் ஒரே நாளில் கெட்டுப்போனதில் அவருக்கு வருத்தம்.

"சார், மெஷின் ஸ்லோவா ஓடுது. நான் இன்டர்நெட்டைப் பார்த்து டைம் வெச்சிக்கினு வரேன்."

மோசஸ் தன் செல்போனைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். "மெஷின் கரெக்டாத்தான்யா கீது. நீதான் சீக்கிரம் வந்துட்ட. இப்படியே வந்துக்கினு இரு, யார்டு பேச்சை விட்டுடறேன்."

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே விசாரணை தொடங்கியது.

"கெங்கா, அந்த டிக்கை எடுத்துட்டியா?"

"டிக்கு அப்படியேதாங்க கீது. ஊரைத்தான் மாத்துனேன். சென்னைக்கு அடுத்த வரில காத்மாண்டுன்னு இருந்திச்சு. பசுபதிநாதர் ஊராச்சேன்னு அமுக்குனேன். கால் மணி முன்னாடி போயி, நம்ப சுவத்துக் கடியாரத்தோட நின்னுக்கிச்சு. பொய் நேரம் இல்லீங்க. சாமி ஊர்ல அதான் நேரம்."

உலகத்துக்கே பொதுவான கடிகாரத்தை ஒரு விரலால் நகர்த்திவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் காபி கொடுக்கிறாள். யார்டு வெயிலிலிருந்து காப்பாற்றியவளை நினைக்க அவருக்கே பெருமையாகத்தான் இருந்தது.

பாதி காபியில் புத்தி பழைய இடத்துக்கு வந்தது. எவ்வளவு முன்னால் என்றுதான் தெரிந்துபோயிற்றே, கழித்துக்கொண்டு தூங்கலாம்.

"சரி, காத்மாண்டாவே இருந்துட்டுப் போவட்டும்," என்று பெரிய மனசு பண்ணிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கெங்கம்மாள் பார்த்துக்கொண்டாள்.

விடிந்ததும் இரண்டு கடிகாரமும், கழற்றி வைத்திருந்த கைக்கடிகாரமும் ஒற்றுமையாகவே இருந்தன. தணிகாசலம் கால் மணியைக் கழித்தார், புரண்டு படுத்தார், நிதானமாகக் கிளம்பினார். ஸ்டேஷனில் ஈ காக்கை இல்லை. ஒருவர் பிளாட்பாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ரயிலுக்கு இன்னும் கால் மணி இருந்தது.

ஒரு ரூபாய் காயின் போனில் வீட்டைக் கூப்பிட்டார்.

"கெங்கா, இப்ப நாம எந்த ஊர்ல கீறோம்?"

"டாக்காங்க. அங்க அரை மணி முன்னாடி. நேத்து நீங்க குளிக்கப் போனப்பவே வந்துட்டோம்."